யாராவது போவாங்கன்னு எல்லாரும் நின்னோம்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நிறைய பேரு சொல்லி வெச்ச மாதிரி ஒரே விஷயத்த சுத்தி சுத்தி எழுதியிருக்கீங்க, அதனால அதையெல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். முதல் கடிதத்துக்கு பதில் நீளமா போயிடுச்சு, பொறுமையா படிங்க. கேட்டவங்க பேரு எதுவும் போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (திண்டுக்கல்): அக்கா, எனக்கு வயசு 26. போன மாசம் பைபாஸ்ல ஒரு டீக்கடை முன்னாடி, என் கண்ணு முன்னாடியே ஒருத்தர் பைக்கோட சறுக்கி விழுந்துட்டாரு. ஹெல்மெட் தனியா கழண்டு ஓடுச்சு, நெத்தியெல்லாம் ரத்தம். முப்பது பேராவது இருந்திருப்போம். நாலஞ்சு பேரு செல்லுல வீடியோ எடுத்தாங்க, மிச்ச பேரு சும்மா நின்னாங்க, நானும் நின்னேன். யாராவது போவாங்கன்னு எல்லாரும் நின்னோம். கடைசில ஒரு ஷேர் ஆட்டோக்காரரு வண்டிய ஓரங்கட்டிட்டு "என்னய்யா வேடிக்க பாக்கறீங்க, ஒரு கை புடிங்கய்யா"ன்னு கத்துனாரு, அப்புறம்தான் நாங்க ஓடுனோம். அடிபட்டவரு பொழச்சுக்கிட்டாருன்னு கேள்விப்பட்டேன். ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் கெட்டவனா? நல்லவன்னா ஏன் கால் நகரல?

பதில்: தம்பி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். கெட்டவன் இப்படி கடிதம் எழுதிட்டு உக்காந்திருக்க மாட்டான், அத மொதல்ல மனசுல வெச்சுக்கோங்க. ஆனா அத மட்டும் சொல்லி உங்கள சமாதானப்படுத்தி அனுப்பிட எனக்கு விருப்பமில்ல, ஏன்னா "ஏன் கால் நகரல"ங்கற கேள்விக்கு நிஜமாவே பதில் இருக்கு.

1964 மார்ச் 13, நியூயார்க்ல க்வீன்ஸ் பகுதி. ராத்திரி மூணு மணிக்கு மேல கிட்டி ஜெனோவீஸ்னு ஒரு பொண்ணு வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு வரும்போது வீட்டு வாசல் பக்கத்துலயே ஒருத்தன் கத்தியால குத்திட்டான். ரெண்டு வாரம் கழிச்சு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல போட்டாங்க, 38 பேரு ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்தாங்க, ஒருத்தர் கூட போலீஸ கூப்பிடலன்னு. அமெரிக்காவே ஆடிப்போச்சு, நகரத்து மனுஷங்களுக்கு ஈரமே இல்லன்னு பேச ஆரம்பிச்சாங்க. ஆனா அந்த செய்தியில பாதிக்கு மேல தப்பு. முழுசா பாத்தவங்க ரொம்ப கொஞ்சம் பேரு, நிறைய பேருக்கு ஏதோ சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கு, புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சுட்டாங்க. ஒருத்தர் ஜன்னல்ல இருந்து கத்தி அவன துரத்தியிருக்காரு, அவன் திரும்ப வந்துட்டான். பக்கத்து வீட்டு சோஃபியா ஃபாரார்னு ஒரு அம்மா, கொலைகாரன் இன்னும் அங்க இருக்கானா இல்லையான்னு கூட தெரியாம படியிறங்கி ஓடிப்போய் அந்த பொண்ண கட்டி புடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, உயிர் போற நேரத்துல அந்த பொண்ணு தனியா இல்ல. 38 பேரு கதை ஊரெல்லாம் பரவுச்சு, அந்த ஒரு அம்மாவோட கதை பல வருஷம் யாருக்கும் தெரியல. கொலைகாரன் 2016-ல ஜெயில்ல செத்தப்போதான் அந்த பேப்பரே அன்னைக்கு போட்டது பிழையான செய்தின்னு எழுதுச்சு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு தம்பி, நின்னவங்கள எண்ணி வெச்சோம், ஓடுனவங்கள மறந்துட்டோம்.

செய்தி தப்பா இருந்தாலும் அத படிச்சு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. லட்டானே, டார்லின்னு பேரு. கல்லூரி பசங்கள தனித்தனி ரூம்ல உக்கார வெச்சு மைக் வழியா பேச சொன்னாங்க, நடுவுல ஒருத்தனுக்கு வலிப்பு வர்ற மாதிரி சத்தம் கேக்கும், அது டேப்ல பதிஞ்சு வெச்ச சத்தம், கேக்கறவங்களுக்கு அது தெரியாது. நான் ஒருத்தன்தான் கேக்கறேன்னு நெனச்சவங்கள்ல 85 சதவீதம் பேரு அந்த சத்தம் அடங்கறதுக்குள்ளயே எழுந்து ஓடிட்டாங்க. இன்னும் நாலு பேரு கேட்டுட்டு இருக்காங்கன்னு நெனச்சவங்கள்ல 31 சதவீதம்தான் ஓடுனாங்க. அதே ஊரு, அதே வயசு, அதே மாதிரி பசங்க. கூட நாலு பேரு இருக்காங்கங்கற நெனப்பு மட்டும்தான் கூடுதல். பாரத்த அஞ்சு பேரு பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்கு கொஞ்சமா தெரியும்ல, பொறுப்பும் அப்படி பங்கு போயிடுது, கடைசில யாரு தோள்லயும் ஏறல.

இந்த 1968 ஆராய்ச்சியில எனக்கு ரொம்ப முக்கியமா படறது இந்த எண்ணிக்கை எல்லாம் கிடையாது. எழுந்து போகாம உக்காந்திருந்த பசங்க ரூமுக்குள்ள ஆராய்ச்சியாளர் போனப்போ, நிறைய பேருக்கு கை நடுங்கிட்டு இருந்துச்சாம், உள்ளங்கையெல்லாம் வேர்வையாம், "அந்த பையன் நல்லா இருக்கானா, யாராவது பாத்துக்கறாங்களா"ன்னு கேட்டிருக்காங்க. அவங்களுக்கு அக்கறை இல்லாம இல்ல. போலாமா வேணாமான்னு முடிவு எடுக்க முடியாம நடுவுல மாட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. உங்க கால் நகராம நின்னுச்சே, அதுவும் இதேதான். அன்னைக்கு பைபாஸ்ல நின்ன முப்பது பேருல நிறைய பேருக்கு உள்ளங்கை வேர்த்திருக்கும், அது வெளிய தெரியாது. நீங்க அவங்க மூஞ்ச பாத்து "இவங்களே சும்மா நிக்கறாங்க, அவ்ளோ பெரிய அடி இல்ல போல"ன்னு நெனச்சிருப்பீங்க, அவங்க உங்க மூஞ்ச பாத்து அதையேதான் நெனச்சிருப்பாங்க.

அவசரமும் ஒரு காரணம். 1973-ல பிரின்ஸ்டன்ல பாதிரியாருக்கு படிக்கற மாணவங்க 40 பேர வெச்சு ஒரு ஆராய்ச்சி. அதுல சில பேர, வழியில அடிபட்டு கிடந்தவனுக்கு உதவுன நல்ல சமாரியன் கதைய பத்தி பேசறதுக்குன்னே பக்கத்து கட்டடத்துக்கு அனுப்புனாங்க. போற வழியில ஒருத்தர் இருமிட்டு சுருண்டு கிடக்கற மாதிரி ஏற்பாடு. நேரம் இருக்குன்னு சொல்லி அனுப்புனவங்கள்ல 63 சதவீதம் பேரு நின்னு உதவுனாங்க, லேட் ஆயிடுச்சு ஓடுன்னு சொல்லி அனுப்புனவங்கள்ல 10 சதவீதம். படிச்ச வேதம் அதேதான், கையில இருந்த நேரம்தான் வேற.

நம்ம ஊருல இதுக்கெல்லாம் மேல ஒரு பயம் இருக்கு, அத சொல்லாம விட்டா உங்களுக்கு நியாயம் பண்ண மாதிரி ஆகாது. தொட்டா நாமதான் இடிச்சோம்னு அடிப்பாங்களோ, போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்களோ, கோர்ட்டுக்கு வருஷக்கணக்கா அலைய விடுவாங்களோ. இந்த பயம் சும்மா வந்ததில்ல, பட்டவங்க சொல்லி சொல்லி வளந்தது. ஆனா இப்ப நிலைமை மாறியிருக்கு, இது நிறைய பேருக்கு தெரியல. 2016 மார்ச் 30-ல உச்ச நீதிமன்றம், விபத்துல உதவறவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுங்கற வழிகாட்டு விதிகள எல்லாரும் பின்பற்றியே ஆகணும்னு சொல்லிடுச்சு. 2019-ல மோட்டார் வாகன சட்டத்துலயே "134-ஏ"ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. நல்ல எண்ணத்துல உதவி பண்ணவங்க மேல கேஸ் போட முடியாது, பேரு விலாசம் சொல்லுன்னு கட்டாயப்படுத்த முடியாது, விருப்பம் இருந்தா மட்டும்தான் சாட்சி. இந்த உரிமையெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல எழுதி வைக்கணும்னு கூட விதி இருக்கு. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கு, விபத்துல அடிபட்டவங்களுக்கு திட்டத்துல இருக்கற தனியார் ஆஸ்பத்திரியில கூட முதல் 48 மணி நேரம் காசில்லாம பாக்கணும். "கொண்டு போய் விட்டா பில்லு நம்ம தலையில விழுமோ"ங்கற பயமும் வேண்டாம்.

என் கதை ஒண்ணு சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரயில்வே பிளாட்பாரம், சித்திரை மாச வெயில், ஒரு பெரியவரு பெஞ்சுல இருந்து அப்படியே சாஞ்சு கீழ விழுந்தாரு. நான் மனசப்பத்தி படிச்சவ, இந்த ஆராய்ச்சியெல்லாம் அப்பவே தெரியும். நின்னேன் தம்பி. சுத்தி இருபது பேரு, நானும் அவங்கள்ல ஒருத்தியா நின்னேன். கொய்யாப்பழம் வித்துட்டு இருந்த ஒரு அம்மா கூடைய அப்படியே கீழ வெச்சுட்டு வந்து, அவர பக்கவாட்டுல திருப்பி படுக்க வெச்சாங்க, சட்டை பட்டன கழட்டுனாங்க, நிமிந்து நேரா என்ன பாத்து, "ஏம்மா, கண்ணாடி போட்ட பொண்ணு, அந்த புக்க குடு, விசிறணும்"னாங்க. "பச்ச சட்ட, நீ போய் ஸ்டேஷன் மாஸ்டர கூட்டிட்டு வா." அவ்ளோதான். கண்ணாடி போட்ட பொண்ணுன்னு சொன்ன அந்த நொடியில என் கால் தானா நகந்துச்சு, பச்ச சட்ட பையன் ஓட்டமா ஓடுனான். அந்த அம்மா எந்த புத்தகத்தையும் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா கூட்டத்துல இருந்து ஒரு ஆள தனியா பிரிச்சு எடுத்து அவன்கிட்ட ஒரு வேலைய குடுக்கணும்ங்கறது அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு. உங்க ஷேர் ஆட்டோக்காரரு பண்ணதும் பாதி அதுதான்.

அதனால அடுத்த தடவ நீங்க டாக்டர் வேலை எதுவும் பாக்க வேண்டாம். "யாராவது ஆம்புலன்ஸ கூப்பிடுங்க"ன்னு பொதுவா கத்தாதீங்க, அந்த "யாராவது" யாருமே இல்ல. "அண்ணே, நீல சட்ட, நீங்க 108-க்கு போன் போடுங்க, என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லுங்க. நீங்க ரோட்டுல நின்னு வண்டிய ஒதுக்கி விடுங்க." மயங்கி கிடக்கறவங்க வாயில தண்ணி ஊத்த விடாதீங்க, கழுத்த புடிச்சு உலுக்க விடாதீங்க.

இன்னொரு நல்ல சேதியும் சொல்லிடறேன். ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்துல லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன், இந்த மூணு ஊரு தெரு கேமராவுல பதிவான 219 சண்டைய எடுத்து பாத்திருக்காங்க. பத்துல ஒன்பது சண்டையில பக்கத்துல இருந்தவங்க ஒருத்தராவது குறுக்க போய் தடுத்திருக்காங்க, கூட்டம் கூட கூட யாராவது ஒருத்தர் போறதுக்கு வாய்ப்பும் கூடியிருக்கு. ரூமுக்குள்ள தனித்தனியா மைக்ல கேக்கறது வேற, தெருவுல ஒருத்தர ஒருத்தர் நேர்ல பாக்கறது வேற. நாம எல்லாம் கல்லு இல்ல தம்பி. தூங்குங்க.

கேள்வி (சென்னை): மேடம், நாங்க இருக்கறது 60 வீடு இருக்கற அபார்ட்மென்ட். வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க இனிமே மெயின் லிஃப்ட யூஸ் பண்ணக்கூடாது, சர்வீஸ் லிஃப்ட்லதான் வரணும்னு வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் போட்டாரு. சர்வீஸ் லிஃப்ட் பாதி நாள் ரிப்பேர், எங்க வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு 52 வயசு, முட்டி வலி, அஞ்சாவது மாடி. வரிசையா தம்ஸ்-அப் வந்துச்சு, நானும் போட்டுட்டேன். அத நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. ஆனா 59 பேரு சரிங்கும்போது நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க வீட்டுக்காரரும் "நமக்கேன் வம்பு"ங்கறாரு.

பதில்: அம்மா, 59 பேரு சரின்னு சொன்னாங்கன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? கட்ட விரல் படம் வந்துச்சு, அவ்ளோதான் தெரியும். நீங்களும்தான் போட்டிருக்கீங்க, உங்க மனசுல சரின்னா இருந்துச்சு? அந்த குரூப்ல உங்கள மாதிரி எத்தன பேரு போட்டுட்டு போன கவுத்து வெச்சுட்டு அருவருப்பா உக்காந்திருக்காங்கன்னு யாருக்கு தெரியும்.

1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒருத்தர் பண்ண சோதனைய நிறைய பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. அட்டையில ஒரு கோடு, பக்கத்துல மூணு கோடு, எது அதே நீளம்னு சொல்லணும், சின்ன குழந்தை கூட சொல்லிடும். கூட உக்காந்திருக்கறவங்க எல்லாம் ஆராய்ச்சியாளரோட ஆளுங்க, வேணும்னே எல்லாரும் ஒரே தப்பான பதில சொல்லுவாங்க. விஷயம் தெரியாம வந்தவங்க, கண்ணுக்கு நேரா தெரியறத விட்டுட்டு, மூணுல ஒரு தடவ கூட்டத்தோட சேந்து தப்பா சொன்னாங்க. இது வரைக்கும்தான் எல்லாரும் சொல்லுவாங்க, மனுஷன் ஆட்டு மந்தைன்னு முடிச்சிருவாங்க. அவரு அடுத்து செஞ்சத யாரும் சொல்றதில்ல. அந்த கூட்டத்துல ஒரே ஒருத்தர மட்டும் சரியான பதில் சொல்ல வெச்சாரு. அவ்ளோதான், கூட்டத்தோட சேந்து தப்பு பண்றது நாலுல ஒரு பங்கா எறங்கிடுச்சு. இன்னொண்ணும் பாத்தாரு, அந்த ஒருத்தர் சரியா கூட சொல்ல வேண்டாம், கூட்டம் சொல்ற தப்ப விட்டுட்டு வேற ஒரு தப்ப சொன்னா கூட மத்தவங்களுக்கு வாய் வந்துடுது. அந்த ஒரு குரல் "வேற மாதிரி சொல்லலாம்"ங்கறத காட்டுது, மிச்சத்த அவங்கவங்க கண்ணே பாத்துக்கும்.

அந்த ஒருத்தி சொல்லி என்ன ஆகும்னு கேட்டீங்க, இதுதான் ஆகும்.

இப்ப லிஃப்ட் விஷயம். இது ரிப்பேர் பிரச்சனை இல்லன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். டீக்கடை இரட்டை குவளை மாதிரிதான் இதுவும், மார்பிள் தரை போட்ட இடத்துக்கு வந்ததால பேரு மாத்திக்கிச்சு. தீண்டாமைய ஒழிச்சாச்சுன்னு அரசியல் சட்டத்துல 17-வது பிரிவு 1950-லயே சொல்லுது, யாரு சாதியும் கேக்காம "ஸ்டாஃப்"னு ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு அதையே பண்ண முடியுதுன்னா எனக்கு கோவம் வருது, அத மறைக்க விரும்பல.

எங்க வீட்டுலயும் இருந்துச்சும்மா. கொல்லப்புற ஜன்னல் திட்டுல ஒரு எவர்சில்வர் டம்ளர், விளிம்புல ஒரு நசுங்கல், அடியில கரி புடிச்சு இருக்கும். பாத்திரம் தேய்க்க வர்ற ஆயாவுக்கு அதுலதான் காப்பி, குடிச்சுட்டு அவங்களே கழுவி அங்கயே கவுத்துட்டு போகணும். எங்க பாட்டி ரொம்ப நல்லவங்க, அந்த ஆயா பொண்ணு கல்யாணத்துக்கு தோடு வாங்கி குடுத்தவங்க, ஆனா அந்த டம்ளர் அங்கதான் இருக்கும். ஒரு நாள் எங்க அத்தை, கல்யாணம் ஆகி போயிட்டு ஆடிக்கு வந்திருந்தாங்க, நாங்க குடிக்கற பித்தளை டவரா டம்ளர்ல ஆயாவுக்கு காப்பி ஆத்தி குடுத்துட்டு தானும் ஒரு டம்ளர எடுத்துக்கிட்டு பக்கத்துலயே படியில உக்காந்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. பாட்டி பாத்தாங்க, தாத்தா பாத்தாரு, எங்கம்மா அடுப்பங்கரையில இருந்து எட்டி பாத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. மறுநாள் எங்கம்மா அதே மாதிரி குடுத்தாங்க. பல வருஷம் கழிச்சு அம்மா சொன்னாங்க, "எனக்கு மொதல்ல இருந்தே மனசு உறுத்தும்டி, பாட்டி என்ன சொல்வாங்களோன்னு இருந்தேன்." பாட்டிகிட்ட கேட்டா, "உங்க தாத்தா என்ன சொல்வாரோன்னு இருந்தேன்"னாங்க. தாத்தாகிட்ட கேக்க முடியல, அதுக்குள்ள அவரு போய் சேந்துட்டாரு. ஒரு வீட்டுல நாலு பேரு, ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகிட்டு ஒரு நசுங்கின டம்ளர இருபது வருஷம் காப்பாத்தியிருக்கோம். படியில உக்காந்து அதுலயே அத்தன வருஷமும் குடிச்ச ஆயாவுக்கு என்ன இருந்திருக்கும்னு நாங்க யாரும் அப்ப கேக்கல.

பெரிய சண்டை எல்லாம் போட வேண்டாம். குரூப்ல நாலு வரி எழுதுங்க. "நான் அன்னைக்கு சரின்னு போட்டது தப்பு, வாபஸ் வாங்கிக்கறேன். எங்க வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு முட்டி வலி, அவங்க மெயின் லிஃப்ட்லதான் வருவாங்க." அதுக்கு முன்னாடி உங்களுக்கு நம்பிக்கையா இருக்கற ஒரு வீட்டுல நேர்ல போய் பேசுங்க, நீங்க போட்டதும் அவங்களும் போடட்டும். அந்த அக்காகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, இதனால அவங்க வேலைக்கு ஆபத்து வரும்னா அவங்க பேச்சுதான் முதல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, வம்பு ஏற்கனவே வந்தாச்சு, அது இப்ப அஞ்சு மாடி படி ஏறிட்டு இருக்கு.

கேள்வி (காரைக்குடி): ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். மனுஷன் அடிப்படையிலேயே கொடியவன், சட்டமும் பயமும் இல்லன்னா ஒருத்தன ஒருத்தன் தின்னுடுவான்னுதான் என் அனுபவம் சொல்லுது. ஷாக் குடுக்கற சோதனை, ஜெயில் சோதனை எல்லாம் அதைத்தானே நிரூபிச்சிருக்கு?

பதில்: ஐயா, நீங்க சொல்றத ஹாப்ஸ்னு இங்கிலாந்து தத்துவவாதி 1651-லயே எழுதி வெச்சுட்டாரு. ஆனா அவரு அத எழுதுனது நாடே உள்நாட்டுப் போர்ல வெட்டிக்கிட்டு செத்த காலத்துல, அந்த காலத்து கண்ணாடிய போட்டுக்கிட்டு பாத்தா மனுஷன் அப்படித்தான் தெரிவான். அவருக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி சீனாவுல மென்சியஸ்னு ஒரு தத்துவவாதி வேற மாதிரி சொன்னாரு. ஒரு குழந்தை கிணத்துல விழப்போறத திடீர்னு பாத்தா எவனுக்கும் நெஞ்சு பதறும், அந்த குழந்தையோட அப்பா அம்மாகிட்ட நல்ல பேரு வாங்கணும்னு கணக்கு போட்டு பதறறதில்ல, தானா பதறும், அந்த பதட்டம்தான் நல்ல குணத்தோட முளைன்னாரு. முளைன்னுதான் சொன்னாரு ஐயா, மரம்னு சொல்லல. தண்ணி ஊத்தலன்னா கருகிடும்.

ஷாக் சோதனை 1961-ல யேல் பல்கலைக்கழகத்துல மில்கிராம் பண்ணது. அடுத்த ரூம்ல இருக்கறவன் தப்பா பதில் சொன்னா ஷாக் குடுக்கணும்னு சொல்லி உக்கார வெச்சாங்க, நிஜ ஷாக் கிடையாது, ஆனா குடுக்கறவனுக்கு அது தெரியாது. 40 பேருல 26 பேரு கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. பயங்கரம்தான். ஆனா அவரு அந்த ஒண்ணோட நிறுத்தல, சூழ்நிலைய மாத்தி மாத்தி பாத்தாரு. கூட உக்காந்திருக்கற ரெண்டு பேரு நடுவுல "எங்களால முடியாது"ன்னு எழுந்துட்டா, 40 பேருல 4 பேருதான் கடைசி வரைக்கும் போனாங்க. ஒரே மனுஷ ஜாதி ஐயா, 26-ம் அதுதான், 4-ம் அதுதான்.

ஜெயில் சோதனை, 1971, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். ஜிம்பார்டோனு ஒருத்தர் கல்லூரி பசங்கள காவலர், கைதின்னு பிரிச்சு ஒரு போலி ஜெயில்ல வெச்சு பாத்தாரு. அத பத்தி எனக்கு நம்பிக்கை குறைஞ்சு போச்சு. காவலரா நடிச்ச பசங்க தானா கொடூரமா மாறுனாங்கன்னு பல வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க, 2018 வாக்குல பழைய ஒலிப்பதிவெல்லாம் வெளிய வந்தப்போ, ஒரு காவலர் பையன்கிட்ட "இன்னும் கடுமையா இரு"ன்னு சோதனை நடத்துனவங்களே சொல்லி குடுத்தது தெரிஞ்சது. அது தானா வந்த கொடூரம் இல்ல, கேட்டு வாங்குன கொடூரம். ரெண்டு வாரம் நடக்க வேண்டியது ஆறு நாள்ல நின்னுச்சு, ஏன் தெரியுமா, கிறிஸ்டினா மாஸ்லாக்னு அப்பதான் முனைவர் பட்டம் முடிச்ச ஒரு பொண்ணு அங்க வந்து பாத்துட்டு "இந்த பசங்களுக்கு நீங்க பண்றது கொடுமை"ன்னு நேரா சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி அம்பது பேரு வரைக்கும் வந்து பாத்துட்டு போயிருக்காங்க, ஒருத்தரும் வாய தொறக்கலன்னு சோதனைய நடத்துன ஜிம்பார்டோவே பின்னால சொல்லியிருக்காரு.

நீங்க முப்பது நாப்பது வருஷம் வகுப்பறையில நின்னவரு. ஒரு பையன எல்லாரும் சேந்து கிண்டல் பண்ணும்போது "டேய் விடுங்கடா"ன்னு ஒருத்தன் சொல்லியிருப்பான், அவன் சொன்னதும் வகுப்பு எப்படி மாறுச்சுன்னு யோசிச்சு பாத்து எனக்கு எழுதுங்க. உங்க அனுபவத்துல அதுவும் சேத்திதான்.

கேள்வி (கோயம்புத்தூர்): அக்கா, நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். கிளாஸ்ல சார் "டவுட் இருக்கா"ன்னு கேட்டா யாரும் கை தூக்க மாட்டாங்க, எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு எனக்கு மட்டும்தான் புரியலன்னு நெனச்சு நெனச்சு இப்ப அந்த சப்ஜெக்ட்டே பயமா இருக்கு.

பதில்: கண்ணு, அந்த கிளாஸ்ல பாதி பேரு உன் மூஞ்ச பாத்து "அவளுக்கு புரிஞ்சிருச்சு"ன்னு நெனச்சுட்டு இருக்காங்க. நாளைக்கு கை தூக்கி, "சார், மூணாவது ஸ்டெப்ல இருந்து எனக்கு புரியல"ன்னு சொல்லு, எந்த ஸ்டெப்புன்னு சொல்லி கேளு, பொதுவா புரியலன்னா அவருக்கும் எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. கிளாஸ் முடிஞ்சதும் எத்தன பேரு வந்து "நல்ல வேள கேட்ட"ன்னு சொன்னாங்கன்னு எண்ணி எனக்கு எழுதி அனுப்பு.

கேள்வி (மதுரை): என் பையனுக்கு 11 வயசு. "எங்கயாவது சண்டை நடந்தா, யாராவது விழுந்து கிடந்தா நீ நிக்காத, நேரா வீட்டுக்கு வா"ன்னு சொல்லி வளத்திருக்கேன். ஊரு கெட்டு கிடக்கு, என் பயம் எனக்கு. ஆனா இப்ப இவன் ரொம்ப ஒதுங்கறானோன்னு தோணுது.

பதில்: நீங்க சொன்னதுல பாதி சரிங்க. 11 வயசு பையன் சண்டைக்கு நடுவுல போகக்கூடாது, ரோட்டு நடுவுல போய் யாரையும் தூக்கக்கூடாது. மாத்த வேண்டியது அந்த "நேரா வீட்டுக்கு வா"வ மட்டும்தான். "பக்கத்துல இருக்கற பெரியவங்க ஒருத்தர தொட்டு சொல்லு, அங்க ஒருத்தர் விழுந்துட்டாருன்னு சொல்லு, அப்புறம் வா"ன்னு மாத்திக்கோங்க. 108 எதுக்கு, 1098 எதுக்குன்னு சொல்லி குடுங்க, 1098 குழந்தைங்களுக்கான உதவி எண், அவன் கூட்டாளிக்கு ஏதாவது நடந்தாலும் அவனே கூப்பிடலாம். ஸ்கூல்ல தனியா உக்காந்து சாப்பிடற பையன் யாராவது இருக்கானான்னு இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டு பாருங்க. பேரு டக்குனு சொல்லுவான், பசங்களுக்கு இதெல்லாம் நல்லா தெரியும். நாளைக்கு டிபன் பாக்ஸ்ல ரெண்டு இட்லி கூட வெச்சு விடுங்க, மிச்சத்த அவன் பாத்துப்பான்.

கேள்வி (திருச்சி): எதிர் ஃபிளாட்ல ஒரு பெரியவரு தனியா இருக்காரு, பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. போன வாரம் அவரு வாசல்ல பேப்பர் ரெண்டு நாளா எடுக்காம கிடந்துச்சு. மாடியில இருக்கற எல்லாரும் அத தாண்டித்தான் போனோம், வந்தோம். மூணாவது நாள் மனசு கேக்காம நான் கதவ தட்டுனேன். ரொம்ப நேரம் கழிச்சு தொறந்தாரு, காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியல, ரெண்டு நாளா பிஸ்கட்தான். டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன், இப்ப பரவாயில்ல. இனிமே என்ன பண்ணலாம்? ரொம்ப உரிமை எடுத்துக்கற மாதிரி ஆயிடுமோன்னும் இருக்கு.

பதில்: நீங்க தட்டுனீங்களே, நல்லா இருங்க. உரிமை எடுத்துக்கறோமோன்னு யோசிக்காதீங்க, நேரா அவர்கிட்டயே கேளுங்க, "ஐயா, தினம் காலைல ஒரு குரல் குடுக்கட்டுமா?"ன்னு. வேண்டாம்னா விட்ருங்க, பெரும்பாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. காலைல பேப்பர எடுத்து கையில குடுக்கறது நல்ல சாக்கு, அவருக்கும் கூச்சம் இருக்காது. பசங்க நம்பர், வழக்கமா பாக்கற டாக்டர் நம்பர், தினம் சாப்பிடற மாத்திரை பேரு, இது மூணையும் ஒரு சீட்டுல எழுதி அவரு ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க, ஒரு காப்பி உங்க வீட்டுல. அவருக்கு சம்மதம்னா மாத்து சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும், பாத்ரூம் போகும்போது உள் தாழ்ப்பாள் போட வேண்டாம்னு சொல்லுங்க. 14567-ங்கறது முதியோர் உதவி எண், அதையும் அந்த சீட்டுல எழுதிடுங்க. நீங்க ஊருக்கு போற நாளைக்கு பக்கத்து வீட்டுல பொதுவா "பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு போகாதீங்க, "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு நீங்க தட்டணும்"னு ஒருத்தர்கிட்ட பேரு சொல்லி சொல்லிட்டு போங்க.